கொண்டாட்டம் – ஒரு சொல்லின் வரலாறு

ஓர் அமைப்பு பத்தாண்டுகளை நிறைவு செய்யும்போது அதனை நாம் பல சொற்களால் குறிக்கிறோம். அழைப்பிதழில் 'ஆண்டு விழா' என்று அச்சிடுகிறோம். மேடையில் 'இந்த இனிய கொண்டாட்டத்தில்' என்று பேசுகிறோம். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்புகையில் 'அமர்க்களமாக நடந்தது' என்கிறோம். மூன்றும் ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றினும் மூன்றின் பிறப்பும் வெவ்வேறு. ஒன்று சங்கச் சான்றோர் வாயில் வழங்கிய சொல். ஒன்று போர்க்களத்திலிருந்து வந்த சொல். இடையிலுள்ள 'கொண்டாட்டம்' என்பதோ தன் வேரைத் தனக்குள்ளேயே மறைத்து வைத்திருக்கும் சொல். அதன் வரலாற்றை ஆராய்வது சொல்லாராய்ச்சிக்கு மட்டுமன்றி, நாம் எதனை, எவ்வாறு கொண்டாடுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதற்கும் துணைசெய்யும்.

சாறும் விழவும்

பழந்தமிழில் விழாவைக் குறிக்க வழங்கிய சொற்களுள் 'விழவு', 'சாறு' என்னும் இரண்டும் தலையாயவை. 'விழவு' இன்று 'விழா' என நின்று நிலைபெற்றுவிட்டது. 'சாறு' அந்தப் பொருளில் அடியோடு வழக்கிழந்தது. இன்று சாறு என்றால் கரும்புச் சாறும் பழச் சாறுமே நினைவுக்கு வரும். ஆயினும் பொருநராற்றுப்படை தொடங்குவதே சாறு முடிந்த மறுநாளில்தான். ஊரில் விழா முடிந்துவிட்டது. அங்குக் கிடைக்கும் சோற்றை விரும்பாமல் வேறிடம் நாடிப் புறப்படுகிறான் கலைஞன். விழாவை நம்பி வாழ்ந்தவனின் வாழ்க்கை, விழா முடிந்த மறுநாளில் எப்படியிருந்தது என்பதை அந்தத் தொடக்கமே காட்டிவிடுகிறது.

இச்சொல்லுக்கு மற்றொரு சான்று புறநானூற்றின் 82ஆம் பாடல். போரவைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவைச் சொல்ல வந்த சாத்தந்தையார், கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவனை உவமையாகக் காட்டுகிறார். ஊரில் சாறு தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவி பேறுகால வேதனையில் இருக்கிறாள். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. கையிலிருக்கும் கட்டிலை முடித்துக் கொடுத்தாக வேண்டும். அவன் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாகப் போய்வரும்! அரசனின் போருக்கு அந்த ஊசியின் விரைவு உவமையாயிற்று. பாடல் அவனைத் தாழ்ந்த பிறப்பினன் என்றே குறிக்கிறது என்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. ஊர் முழுவதற்கும் விழா வந்தபோதும் விழாவுக்குள் நுழைய இயலாது வேலையில் கட்டுண்டு கிடந்தவன் ஒருவன் இருந்தான் என்பதற்கு, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சான்று இது. விழாவின் வரலாற்றை எழுதுவோர் அரசனையும் தெய்வத்தையும் காண்பதோடு நில்லாமல் இந்தக் கட்டில்காரனையும் காண வேண்டும்.

'சாற்றுதல்' என்றால் பலரறியச் சொல்லுதல். விழா என்பது முரசறைந்து அறிவிக்கப்படுவது. ஆகவே 'சாறு' என்பதும் 'சாற்று' என்பதும் உறவுடைய சொற்கள் என்று எண்ண இடமுண்டு. மணிமேகலையின் முதற் காதைக்கே 'விழாவறை காதை' என்பது பெயர். புகார் நகரத்தில் இந்திர விழா தொடங்கவிருப்பதை வள்ளுவன் யானைமேல் முரசேற்றி அறைகின்றான். அவன் அறிவிப்பில் நகரை அணிசெய்யுங்கள் என்பதோடு மற்றொரு கட்டளையும் இருக்கிறது. பகைவரோடு சேர்ந்திருக்க நேர்ந்தாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள் என்பது அது. விழா நடக்கும் இருபத்தெட்டு நாளும் ஊர் பகையின்றி இருக்க வேண்டும். விழாவைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதையும் அக்காப்பியமே சொல்கிறது. மகனைப் பிரிந்த துயரில் சோழன் இந்திர விழாவை மறந்தான், புகாரைக் கடல் கொண்டது.

'சிறப்பு' என்ற சொல்லும் விழாவைக் குறித்ததுண்டு. மழையின் பெருமை கூறும் வான்சிறப்பு அதிகாரத்தில், 18ஆம் குறளில், வள்ளுவர் இச்சொல்லை ஆள்கிறார். அங்குச் சிறப்பு என்பது விழா என்றும், பூசனை என்பது நாள்தோறும் நிகழ்வது என்றும் பிரித்துப் பொருள் கண்டார் பரிமேலழகர். நாட்களுள் சில நாட்களைச் சிறந்தனவாக்குவது விழா என்ற கருத்து அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

அயர்தல் என்னும் வினை

பெயர்ச்சொற்களைவிட வியப்பைத் தருவது அவற்றோடு சேர்ந்து வந்த வினைச்சொல். இன்று நாம் விழாவைக் 'கொண்டாடுகிறோம்'. சங்க காலத்தவர் விழாவை 'அயர்ந்தனர்'. விழவு அயர்தல், சாறு அயர்தல், வெறி அயர்தல், குரவை அயர்தல், விருந்து அயர்தல் என்று எல்லாவற்றுக்கும் அதே வினை. போருக்குச் சென்ற தலைவன், தான் வீடு திரும்பும் மாலையில் விருந்து அயரலாம் என்று எண்ணுவதாக 1268ஆம் குறளில் வள்ளுவரும் இதனை ஆண்டிருக்கிறார்.

இன்று 'அயர்ந்தான்' என்றால் களைத்தான் என்றே பொருள். 'அயர்ந்து தூங்கினான்' என்கிறோம். 'அயர்ச்சி' சோர்வாகிவிட்டது. ஆனால் இது பிற்காலத்தில் புகுந்த பொருளன்று. தன்னை மறத்தல், சோர்தல் என்னும் பொருள்களும் பழந்தமிழிலேயே அச்சொல்லுக்கு இருந்தன. ஒன்றில் முற்றிலும் ஈடுபட்டுத் தன்னை மறத்தலே இவையனைத்துக்கும் நடுவே நிற்கும் கருத்து எனலாம். குரவை ஆடுபவள் ஆட்டத்தில் தன்னை மறக்கிறாள். வெறியாடும் வேலன் தன்னை இழக்கிறான். ஆடி முடித்த பின் வருவது களைப்பு. ஈடுபாட்டைக் குறித்த பகுதி மெல்ல மறைய, எஞ்சிய களைப்பு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

களிப்பும் மகிழ்ச்சியும்

மனநிலையைக் குறிக்கும் சொற்களும் இங்குக் கருதத்தக்கன. 'களி' என்பது 'கள்' என்பதோடு உறவுடையது. கள்ளுண்டு மயங்கியவன் 'களிமகன்'. மதங்கொண்ட யானை 'களிறு' எனப் பெயர் பெற்றதும் இவ்வழியே என்பர். 'மகிழ்' என்பதும் பழம் பாடல்களில் உவகையை மட்டுமன்றிக் கள்ளையும் அதனால் வரும் மயக்கத்தையும் குறித்தது. அரசன் புலவரோடும் வீரரோடும் கூடியிருக்கும் அவைக்கு 'நாள்மகிழ்' என்று பெயர். களித்தலையும் மகிழ்தலையும் கள்ளோடு சேர்த்து எண்ணிய மரபை நன்கு அறிந்த வள்ளுவர், நினைத்த அளவிலும் கண்ட அளவிலும் அவை உண்டாவது காமத்தால்தான், கள்ளால் அன்று என்று 1281ஆம் குறளில் அதனைத் திருப்பிப் போடுகிறார். அண்டை மொழியான மலையாளத்தில் 'களி' விளையாட்டாகவும் ஆட்டமாகவும் நிலைத்து, 'கதகளி' என்னும் புகழ்பெற்ற கலையின் பெயரிலே நிற்கிறது. தமிழிலோ கள்ளின் மணம் முற்றிலும் நீங்கி, களிப்பும் மகிழ்ச்சியும் தூய சொற்களாகிவிட்டன. ஒரு வகையில் இவை சொற்கள் பெற்ற மதுவிலக்கு!

ஓசை விழாவான கதை

விழாவின் பொலிவைச் சொல்ல இன்று நாம் ஆளும் சொற்கள் பல, வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. 'கோலாகலம்' வடமொழியின் 'கோலாஹலம்' என்பதன் தமிழ் வடிவம். அங்கு அதன் பொருள் கூச்சல், பேரிரைச்சல். இந்தியிலும் கன்னடத்திலும் இன்றும் அது குழப்பமான இரைச்சலையே குறிக்கும். தமிழில் மட்டும் 'கோலாகலமாகத் திருமணம் நடந்தது' என்றால் பெற்றோர் மனம் குளிர்கிறது.

'குதூகலம்' மற்றொரு சான்று. வடமொழியில் அது அறியும் ஆவலைக் குறிப்பது. புதியதொன்றைக் காணத் துடிக்கும் மனநிலை அது. கன்னடத்தாரும் தெலுங்கரும் இன்றும் அந்தப் பொருளிலேயே வழங்குகின்றனர். தமிழில் ஆவல் போய்விட்டது, ஆவல் நிறைவேறியபோது வரும் மகிழ்ச்சி நின்றது.

'அமர்க்களம்' தூய தமிழ்ச் சொல். அமர் என்றால் போர். அமர்க்களம் போர்க்களம். பிணம் வீழ்ந்து, முரசு முழங்கி, யானை பிளிறிய களத்தின் பெயர் இன்று வளைகாப்புக்கும் கோயில் தேருக்கும் பாராட்டுரையாகியிருக்கிறது. ஆரவாரம், அமளி, தடபுடல் முதலியனவும் இந்த வரிசையில் வருவன. இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பிற்காலத் தமிழன் விழாவை அதன் ஓசையால் அளந்திருக்கிறான். ஓசையைக் குறித்த சொற்கள் விழாவின் சொற்களாயின. இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் 'கொண்டாட்டம்' என்ற சொல்லின் தனிச்சிறப்பு விளங்கும்.

கொண்டாடு – பிரித்துப் பார்த்தல்

'கொண்டாட்டம்' என்பதைக் 'கொண்டு + ஆட்டம்' எனப் பிரித்து, கரகமோ காவடியோ கையில் கொண்டு ஆடுவதால் இப்பெயர் வந்தது என்று சொல்வாருண்டு. கேட்பதற்கு இனிமையான விளக்கம்தான். ஆயினும் சொல்லின் மற்றப் பயன்பாடுகளை அது விளக்கவில்லை. 'உரிமை கொண்டாடுதல்' என்கிறோம். 'சொந்தம் கொண்டாடுதல்', 'உறவு கொண்டாடுதல்' என்கிறோம். இவற்றில் எந்த நடனமும் இல்லை. 'குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே' என்பது பழமொழி. குழந்தை எங்கே போற்றப்படுகிறதோ அங்கே ஒட்டிக்கொள்ளும் என்பது கருத்து. இங்கும் ஆட்டத்துக்கு இடமில்லை. கொண்டாடுதல் என்றால் போற்றுதல், பாராட்டுதல், சீராட்டுதல். திருவாய்மொழிக்கு எழுந்த வைணவ உரைகளிலும் பிறரின் பெருமையை வியந்து போற்றுவதற்கு இவ்வினை வரக் காண்கிறோம்.

ஐயத்தைத் தீர்ப்பவை இனமொழிகள். கன்னடத்தில் 'கொண்டாடு' என்றால் புகழ்தல். தெலுங்கில் 'கொனியாடு' என்றாலும் புகழ்தலே. மலையாளத்தில் 'கொண்டாடுக' என்பது விழாக் கொண்டாடுவதையும், அன்புடன் பாராட்டுவதையும் ஒருங்கே குறிக்கும். நான்கு மொழிகளிலும் பொதுவாக நிற்கும் பொருள் 'போற்றுதல்' என்பதாலும், இரண்டில் அதுவே தலைமைப் பொருளாக இருப்பதாலும், அதுவே பழைய பொருள் என்று கொள்ளுதல் தகும். விழாவைக் குறிக்கும் பொருள் அதிலிருந்து கிளைத்தது.

இனி 'ஆடு' என்பதன் பொருள் யாது? தமிழில் இவ்வினை நடனத்தை மட்டும் குறிப்பதன்று. உரையாடு, சொல்லாடு, வாதாடு, மன்றாடு ஆகியவற்றில் அது பேச்சோடு தொடர்புடையதாக நிற்கிறது. கன்னடத்தில் 'மாத்தாடு' என்றால் பேசுதல். தெலுங்கிலும் பேசுதலுக்கு வழங்கும் வினையில் இதே 'ஆடு' இருக்கிறது. எனவே கொண்டாடுதல் என்பதை, 'ஒருவரை அல்லது ஒன்றை மனத்தில் கொண்டு, அதைப் பற்றியே பேசுதல்' என்று விளக்கலாம். போராடு, திண்டாடு, தள்ளாடு ஆகியவற்றில் உள்ளது போல, மீண்டும் மீண்டும் நிகழ்வதை மட்டும் குறிக்கும் துணைவினை அது என்று கொள்வாரும் உளர். அப்படிக் கொண்டாலும், 'விடாமல் மனத்திற் கொள்ளுதல்' என்னும் பொருளே கிடைக்கும். முதல் விளக்கம் 'உறவு கொண்டாடுதல்' என்பதற்கு மிகப் பொருந்துகிறது. மாமன், மச்சான் என்று வாயால் அழைத்து அழைத்தே உறவை நிலைநாட்டுகிறோம் அல்லவா? உரிமை கொண்டாடுவதும் அவ்வாறே. 'இது என்னுடையது' என்று பலர் முன் எடுத்துச் சொல்வதே அது.

ஆக, இச்சொல்லின் வளர்ச்சியை மூன்று படிகளாகக் காணலாம். முதலில் ஒருவரை மனத்திற் கொண்டு புகழ்ந்து பேசுதல். அடுத்து, அவருக்குரிய நாளைச் சிறப்பித்தல். பொங்கலைக் கொண்டாடுவதும், பிறந்த நாளைக் கொண்டாடுவதும் இந்தப் படியைச் சேர்ந்தவை. மூன்றாவதாக, எதனையும் குறிப்பிடாமல் வெறும் மகிழ்ச்சியாக நிற்பது. 'வீட்டில் ஒரே கொண்டாட்டம்' என்னும்போது எதைக் கொண்டாடுகிறார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்ற பழமொழியும் இப்படியைச் சேர்ந்ததே. இலக்கண நூலார் கண்கொண்டு பார்த்தால், செயப்படுபொருளை வேண்டி நின்ற வினை, தன் பெயர் வடிவில் அதனை இழந்திருக்கிறது. 'கொண்டாடினான்' என்றால் 'எதை?' என்று கேட்கத் தோன்றும். 'கொண்டாட்டம்' என்றால் கேட்கத் தோன்றுவதில்லை. இச்சொல்லின் வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே.

கொண்டாடும் உரிமை

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் அவ்வூரின் ஆண்டு விழாக்களுக்கு ஒரு நாட்காட்டி போல் அமைந்தது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என விழாக்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றையும் சொல்லி, இதனைக் காணாமலே போய்விடுவாயோ என்று இறந்த பெண்ணை விளித்துக் கேட்கிறது பதிகம். உயிரோடு இருத்தல் என்பதன் பொருளே ஊரோடு சேர்ந்து விழாக் காண்பது என்னும் கருத்து அதன் அடியில் ஓடுகிறது.

அவ்வாறாயின், விழாவைக் காண இயலாது புறத்தே நிறுத்தப்பட்டவர்களுக்கு ஊர் என்ன பொருளைத் தந்தது? புறநானூற்றுக் கட்டில்காரன் வேலையின் சுமையால் உள்ளே செல்ல இயலவில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் பிறப்பைக் காட்டியே பலர் தடுக்கப்பட்டனர். தேருக்கு மரம் வெட்டியவரும், பறை முழக்கியவரும், தேர்வடம் திரித்தவரும் கோயிலினுள் கால்வைக்க இயலாத நிலை இருந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலரை அழைத்துச் சென்றார். பின்னாளில் அமைச்சராக விளங்கிய கக்கன் அவர்களுள் ஒருவர். 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 'உரிமை கொண்டாடுதல்' என்ற தொடர் அந்த நாளில் தன் முழுப்பொருளையும் அடைந்தது எனலாம். உரிமையைக் கொண்டாடாமல் விழாவைக் கொண்டாட இயலாது. இரண்டுக்கும் தமிழ் ஒரே வினையைத் தந்திருப்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. சட்டம் வந்த பின்னும் தேர்வடம் பிடிப்பதிலும் திருவிழா முதன்மை பெறுவதிலும் பூசல்கள் ஓயவில்லை. விழா நாளில் பகையை விலக்குங்கள் என்று புகாரில் அறைந்த முரசின் தேவை தீர்ந்துவிடவில்லை.

புலவரைக் கொண்டாடுதல்

இலக்கிய அமைப்பின் மலர் ஒன்றில் இக்கட்டுரை வெளிவருவதால் இறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். சாறு என்றால் விழா என்பதும், அயர்தல் என்றால் கொண்டாடுதல் என்பதும் நமக்கு எப்படித் தெரியவந்தன? கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி எடுத்துச் சிலர் அச்சேற்றியதால்தான். சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் வெளியிட்டார். அவர்கள் உழைக்காதிருந்தால், தமிழன் தன் விழாக்களின் பழம் பெயர்களையே மறந்திருப்பான்.

அவர்களை நாம் கொண்டாடினோமா? உ. வே. சா. அவர்களின் எண்பதாம் ஆண்டு நிறைவை 1935இல் தமிழ்நாடு சிறப்பாகக் கொண்டாடியது. தாம் வாழ்ந்த காலத்திலேயே அவர் அப்பெருமையைக் கண்டார். எல்லோருக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. பாரதியார் 1921இல் மறைந்தபோது இறுதி ஊர்வலத்தில் சென்றோர் மிகச் சிலரே. எட்டயபுரத்தில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது 1947இல். இடையில் இருபத்தாறு ஆண்டுகள் கடந்துபோயின. அவருக்கு விழா கிடைத்தது. உயிருடன் இருந்தபோது கிடைத்திருக்க வேண்டிய கொண்டாட்டம் கிடைக்கவில்லை. 'மனத்திற் கொண்டு பேசுதல்' என்ற பழம்பொருளில் அச்சொல்லை இங்கு ஆள்கிறேன்.

விழாவுக்கு வேண்டுவன பந்தல், விளக்கு, மாலை, நாள் குறித்தல். இவை ஒரு நாளில் முடிந்துபோகும். கொண்டாடுதலுக்கு வேண்டுவன நூலைக் கையில் எடுத்தல், படித்தல், படித்ததைப் பலரோடு பேசுதல், எழுதியவரை அவர் வாழும் காலத்திலேயே அறிந்து போற்றுதல். இவை ஆண்டு முழுதும் நடப்பன. ஒரு சிற்றூரிலோ நகரத்தின் ஒரு தெருவிலோ திங்கள்தோறும் சிலர் கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் அங்கே உயிரோடிருக்கிறது. ஓசையில்லாமல் நடப்பதால் அதனைக் கோலாகலம் என்று எவரும் சொல்லார். அமர்க்களம் என்றும் சொல்லார். ஆனால் கொண்டாட்டம் என்னும் சொல்லுக்கு அதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

பத்தாண்டுகளாக அத்தகைய பணியைச் செய்துவரும் இவ்வமைப்பினர் இன்று விழா அயர்கின்றனர். அயர்தலில் வரும் களைப்பு அவர்களைத் தீண்டாதிருக்கட்டும். அடுத்த பத்தாண்டில், கட்டிலோ காலணியோ செய்யும் கையைச் சற்றே ஓயவிட்டு வந்து அமர விரும்பும் எவருக்கும் இவ்வவையில் ஓர் இருக்கை காத்திருக்கட்டும். இளம் எழுத்தாளர் பலர் இங்கே உறவு கொண்டாடட்டும், உரிமையும் கொண்டாடட்டும். தமிழ் வாழ்க!